பெண்ணுறை, ரிங், ஊசி: நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

வணக்கம். நாமக்கல் பக்கம் லாரிக்காரங்க குடும்பங்கள்ல 14 வருஷமா எச்ஐவி விழிப்புணர்வு வேலை பார்க்கறேன். டாக்டர் இல்லைங்க, களப்பணிதான். எச்ஐவி வராம பொண்ணுங்க தங்களைக் காப்பாத்திக்கற வழிங்க பத்தி போன வாரம் கேள்வி அனுப்பச் சொன்னேன், வந்ததுல சிலதுக்கு பதில் போடறேன், பேர் யாருதும் போடல.

கேள்வி: அக்கா, நான் ஆபரேஷன் பண்ணிட்டேன், அப்ப எனக்கு இதெல்லாம் தேவையா?

தேவைதான் தங்கம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், காப்பர் டி, மாலா டி எல்லாம் குழந்தைய மட்டும்தான் தடுக்கும். எச்ஐவி கிருமிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இன்னொண்ணு, முடிஞ்சதும் டெட்டால், எலுமிச்சை ஊத்தி உள்ள கழுவறவங்க இருக்காங்க, வேண்டாம், அங்க தோல் புண்ணாகி ஆபத்து ஜாஸ்தியாகும்.

கேள்வி: அவர் லாரி ஓட்டறார், காண்டம்னு சொன்னாலே "என்னை சந்தேகப்படறியா"ன்னு சண்டை. அவருக்குத் தெரியாம நான் ஏதாவது போட்டுக்க முடியுமா?

இந்த ஒரே கேள்விதான் 11 பேர் கேட்டிருக்கீங்க. "ஒழுக்கமா இருங்க"ன்னு சுவத்துல எழுதி வெச்சோம், ஒழுக்கமா இருந்த பொண்டாட்டிக்கும்தான் வந்துச்சு. ஏன்னா ஆணுறை அவர் சம்மதிச்சாத்தான். அதனாலதான் நம்ம கையில இருக்கற வழி வேணும்னு இத்தன வருஷமா கத்திட்டிருக்கோம்.

பெண்ணுறைன்னா பொண்ணுங்க உள்ள போட்டுக்கற காண்டம், ரெண்டு முனையிலயும் வளையம் இருக்கும். அத மறைக்க முடியாதுங்க, உண்மைய சொல்லிடறேன். வெளி வளையம் வெளியிலதான் தெரியும். ஆனா முன்னாடியே போட்டு வெச்சுக்கலாம், அந்த நேரத்துல பேரம் பேச வேண்டாம், "டாக்டரம்மா கர்ப்பப்பைக்கு நல்லதுன்னாங்க"ன்னு சமாளிச்சவங்க இருக்காங்க. ஆணுறையும் இதுவும் சேர்த்துப் போடாதீங்க, உரசிக் கிழியும்.

யாருக்கும் தெரியாததுன்னா டாபிவிரின் ரிங், எச்ஐவிய தடுக்கற மருந்து இருக்கற சிலிகான் வளையம், மாசம் ஒண்ணு உள்ள வெச்சுக்கறது. 2016ல வந்த ரெண்டு ஆய்வுல எச்ஐவி வர்ற ஆபத்து 30 சதவீதம் அளவுக்குக் குறைஞ்சுது, 2021ல உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு பண்ணுச்சு. தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே பக்கம்தான் பொண்ணுங்க கைக்குப் போயிருக்கு. எச்ஐவி வராம முன்கூட்டியே சாப்பிடற பிரெப் மாத்திரை இங்க இருக்கு, டெய்லி போடணும், அதுக்கு முன்னாடி எச்ஐவி டெஸ்ட் பண்ணணும், டாக்டர்கிட்ட கேளுங்க.

கேள்வி: 2010ல எச்ஐவிய தடுக்க ஒரு ஜெல் வந்துருச்சுன்னு பேப்பர்ல படிச்சேன், அது என்னாச்சு?

நல்லா ஞாபகம் வெச்சிருக்கீங்க! தென்னாப்பிரிக்காவுல டர்பன் ஊர்ப் பக்கம் குவாரைஷா அப்துல் கரீம்னு ஒரு விஞ்ஞானி அம்மா டீம் பண்ணது, டெனோபோவிர் ஜெல், 39 சதவீதம் தடுத்துச்சு. நாங்க இங்க ஸ்வீட் வாங்கினோம். ஆனா பெரிய ஆய்வுல, 2015ல, பலன் தெரியல. முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ போடணும், மாமியார் மாமனாரோட ஒத்த ரூம் வீட்ல இருக்கறவளுக்கு அது எப்படி நடக்கும் சொல்லுங்க. மருந்து நல்லா இருந்து பிரயோஜனம் இல்ல, அவ வாழ்க்கைக்குள்ள அது நுழையணும்.

அதான் இப்ப ஊசி மேல ஆசையா இருக்கேன். எச்ஐவி வராம தடுக்கற லெனகாபவிர், 6 மாசத்துக்கு ஒரு தடவ. தென்னாப்பிரிக்கா, உகாண்டாவுல ஊசி போட்ட 2,134 பொண்ணுங்கள்ல ஒருத்தருக்கும் வரலன்னு 2024ல சொன்னாங்க. 2027ல இருந்து வருஷத்துக்கு 40 டாலர்னு செஞ்சு தரப் போறது ஹைதராபாத் கம்பெனிங்க.

கேள்வி: எங்க மகளிர் குழுவுல பேசணும், எப்படி ஆரம்பிக்கறது?

எய்ட்ஸ்னு ஆரம்பிச்சா பாதிப்பேர் எழுந்து போயிருவாங்க. நான் வெள்ளைப்படுதல்ல ஆரம்பிப்பேன், எல்லாரும் வாயத் திறப்பாங்க. அப்புறம் பெண்ணுறை பாக்கெட்டப் பிரிச்சு கையில கொடுத்துருவேன். "என்னக்கா இது, பலூனாட்டம்"னு ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும். இடது கையை வளைச்சுப் பிடிச்சுக்கிட்டு, உள் வளையத்த 8 மாதிரி அமுக்கி உள்ள தள்ளிக் காட்டுவேன், ஒவ்வொருத்தரையும் பண்ண வைப்பேன். நிஜமான கேள்வி கூட்டத்துல வராது, முடிஞ்சு செருப்பு மாட்டறப்ப பக்கத்துல வந்து மெதுவா கேப்பாங்க, அதுக்கு அரை மணி நேரம் சும்மா நில்லுங்க.

அப்புறம் சும்மா பேசிட்டு வராதீங்க, குழு லெட்டர்ல ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு பெண்ணுறை வேணும்னு எழுதிக் கொடுங்க. நாசிக்ல செஞ்சு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பறாங்க, இங்க மெடிக்கல்ல கேட்டா முழிக்கறாரு! கேக்க ஆளே இல்லன்னா எவன் வாங்கி வெப்பான்.

கேள்வி: பொம்பளைங்க கையில இதெல்லாம் கொடுத்தா தப்பு பண்ண லைசன்ஸ் மாதிரி ஆகாதா? (ஒரு அண்ணன்)

அண்ணா, ஆணுறை 40 வருஷத்துக்கு மேல பொட்டிக்கடையில கிடைக்குது, அப்ப இத கேட்டீங்களா?

கேள்வி: நேத்து ராத்திரி உறை கிழிஞ்சிருச்சு, பயமா இருக்கு, என்ன பண்ண?

இப்படி ஆனப்புறம் எச்ஐவி தொத்தாம இருக்க பிஇபி மாத்திரை இருக்கு, 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, 28 நாள் விடாம சாப்பிடணும். ஏஆர்டி சென்டர் (எச்ஐவி சிகிச்சை மையம்) இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, வழி தெரியலன்னா எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097க்கு அடிங்க, காசு கிடையாது. எச்ஐவி டெஸ்ட், அரசாங்க நம்பிக்கை மையத்துல ப்ரீ, வெளிய சொல்ல மாட்டாங்க. மீதி அப்புறம் பேசிக்கலாம், போனை வெச்சுட்டு முதல்ல கிளம்புங்க.