கல் உப்பைக் கரைத்தால் போர் தண்ணீரில் நுரை வருமா?

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். சோப்பு நுரைப்பதே இல்லை, பக்கெட் ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிகிறது. பக்கத்து வீட்டில் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவியில் கல் உப்புதான் போடுகிறார்கள். அதையே நாங்கள் பக்கெட்டில் கரைத்தால் என்ன?

பதில்: வேண்டாம், இருக்கிற நுரையும் போய்விடும்.

சோப்பே ஒரு உப்புதான். எண்ணெயிலிருந்து வந்த கொழுப்பு அமிலமும் சோடியமும் சேர்ந்தது. தண்ணீரில் கரைந்ததும் இரண்டும் பிரிந்துவிடும். சோடியத்தையும், கொழுப்பு அமிலத்தின் எதிர்மின் தலையையும் தண்ணீர் தனித்தனியே சூழ்ந்துகொள்ளும். தண்ணீர் ஆகாத நீண்ட வால், எண்ணெய்ப் பிசுக்கைத் தேடி ஒட்டும்.

போர் தண்ணீரில் இருக்கும் கால்சியம் இப்படி விலகி நிற்காது. அதற்கு இரட்டை மின்னூட்டம். ஒன்றே இரண்டு சோப்புத் தலைகளைப் பிடித்துக்கொள்ளும். தலை மாட்டிக்கொண்டபின் சோப்பு கரைந்து நிற்க வழியில்லை, திப்பித் திப்பியாக ஒதுங்கிவிடும். பக்கெட்டில் நீங்கள் பார்ப்பது அதுதான். மக்னீசியமும் இதே வேலையைச் செய்யும்.

சும்மா ஒரு கணக்கு: தண்ணீரின் கடினத்தன்மை (கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால்) லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றால், 15 லிட்டர் பக்கெட்டில் உள்ள கால்சியம் சுமார் 46 கிராம் சோடியம் ஸ்டியரேட்டை (சோப்பில் இருக்கும் ஒரு வகை உப்பு) விழுங்கிவிடும். கிட்டத்தட்ட அரை சோப்பு!

சரி, சாஃப்ட்னர்? அதிலுள்ள ரெசின் (ஒருவகை பிளாஸ்டிக்) மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிரம்பியதும் அவற்றைக் கழுவத்தான் உப்புக் கரைசல். கழுவிய தண்ணீர் கால்சியத்தோடு சாக்கடைக்குப் போய்விடும், குழாய்க்கு வராது. பக்கெட்டில் போட்டால் கால்சியம் அங்கேயேதான் இருக்கும். போதாக்குறைக்கு சோடியம் மிகுந்து, கரைந்த சோப்பையும் வெளியே தள்ளும். சோப்பு காய்ச்சுகிறவர்கள் உப்பைக் கொட்டிச் சோப்பைப் பிரித்தெடுப்பது இப்படித்தான். தேங்காய் எண்ணெய்ச் சோப்பு மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அதில் வால் குட்டை. கடல் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும்.

குளிக்க, சல்பேட் அல்லது சல்ஃபோனேட் வகை பாடி வாஷ் பயன்படுத்துங்கள். அவற்றின் தலையைக் கால்சியம் அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை. துணிக்கு, சலவை சோடாவை முதலில் கரைத்துவிட்டு அப்புறம் சோப்பு போடுங்கள். கொதிக்க வைத்தால் பைகார்பனேட்டால் வந்த கடினத்தன்மை மட்டும்தான் போகும். பக்கெட் கறைக்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தேயுங்கள். அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.