பழைய வால்வு பேஸ் ஆம்ப்ளிஃபையரில் எந்த ரெசிஸ்டர்களை மாற்றுவது?

தங்கச்சிமடத்தில் வைத்திருக்கும் பழைய வால்வு பேஸ் ஆம்ப் சும்மா இருக்கும்போதே கரகரக்கிறது, எல்லா ரெசிஸ்டரையும் மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அளந்து பார்த்து மாற்றுங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கி, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்யுங்கள். அவற்றில் 400 வோல்ட்டுக்கு மேலும் தங்கியிருக்கலாம், ஆளையே கொன்றுவிடும். மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகுதான் கை வைக்க வேண்டும்.

பழைய கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்கள் ஈரத்தை உறிஞ்சி மதிப்பு கூடிவிடும். நம் கடற்கரைக் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். சர்க்யூட்டில் இருக்கும்போதே குறித்ததைவிட 20 சதவீதம் கூடுதலாகக் காட்டினால் தயங்காமல் கழற்றுங்கள். பக்கத்து இணைப்புகள் அளவைக் குறைத்துக் காட்டுமே தவிர கூட்டாது.

கரகரப்புக்கு என் முதல் சந்தேகம் ப்ரீஆம்ப் வால்வின் (சிக்னலை முதலில் பெருக்கும் வால்வு) பிளேட் முனைக்கு மின்சாரம் கொடுக்கும் பிளேட் ரெசிஸ்டர், பெரும்பாலும் 100 கிலோ ஓம். அங்கே மெட்டல் ஃபிலிம் வகை ரெசிஸ்டர் போடுங்கள், இரைச்சல் குறையும். சூடு குறைவுதான் என்று கால் வாட் வாங்கிவிடாதீர்கள். அவற்றில் பல 250 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 1 வாட் போடுங்கள். பவர் வால்வின் ஸ்கிரீன் கிரிட் முனைக்கு, அங்கே ஏற்கெனவே இருக்கும் ரெசிஸ்டரின் அதே ஓமில் 5 வாட் வயர்வவுண்ட் (கம்பி சுற்றிய) ரெசிஸ்டர், போர்டிலிருந்து கொஞ்சம் தூக்கி வைத்து.