தைலமரத்தை வரைவது: சில கேள்விகள், என் பதில்கள்

சிட்னியில் இருக்கிறேன். கேன்வாஸில் புஷ் (இங்கத்திய காட்டுவெளி) காட்சி போட்டால் மரமெல்லாம் நம்மூர் மாமரம் மாதிரியே வருகிறது. ஏன்?

தழையைப் பச்சை உருண்டையாகப் போடுகிறீர்கள், அதனால்தான். மாமரம் இலையை வெயிலுக்கு விரித்துக் காட்டும். அடியில் நிழல் கெட்டியாக விழும். தைலமரத்தில் முதிர்ந்த இலைகள் செங்குத்தாகத் தொங்கும். உச்சி வெயில் இலையின் முகத்தில் படாமல் விளிம்பை உரசிக்கொண்டு கீழே இறங்கிவிடும். சூட்டையும் நீரிழப்பையும் குறைக்க அந்த மரம் கண்ட வழி அது. அதனால் நிழல் சல்லடை போட்டது மாதிரி இருக்கும். தழையும் கிளை நுனியில் கொத்துக் கொத்தாகத்தான் நிற்கும், நடுவே வானம் தெரியும். நான் கிளைகளை முழுதாக வரைந்துவிட்டுத்தான் கொத்துகளை வைப்பேன். கடைசியில் வானத்தின் நிறத்தால் உள்ளே சின்னச் சின்ன ஓட்டை போடுவேன். அந்த ஓட்டை வானம் வெட்டவெளி வானத்தைவிட ஒரு படி மங்கலாக இருக்கட்டும், இல்லாவிட்டால் துருத்திக்கொண்டு தெரியும்.

எந்தப் பச்சை டியூப் வாங்கலாம்?

எதுவும் வேண்டாம். யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), அல்ட்ராமரைன் (நீலம்), வெள்ளை, துளி சிவப்பு போதும். ஓர் இலையைப் பறித்து உங்கள் கலவைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். சாம்பல் பூத்த பச்சை, நரம்போரம் மஞ்சள். பல வகைகளில் தளிர் செம்பு நிறமாகவே இருக்கும்.

சாப் கிரீன் மட்டும் வாங்கினால்?

மேலே சொன்னேன். டியூப் பச்சை வேண்டாம்.

தைலமரத்தின் வெள்ளைத் தண்டு வரைய ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிராவின் படங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள். அவர் வெள்ளைக்காரர் பாணியைப் பழகியவர்தானே?

இதை ஒரு வரியில் விட எனக்கு மனமில்லை. நடு ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகளான மேற்கு அரேர்ன்டா மக்களில் ஒருவராக 1902-இல் அங்குள்ள ஹெர்மன்ஸ்பர்க்கில் பிறந்தவர் அவர். ரெக்ஸ் பாட்டர்பி என்ற வெள்ளைக்கார ஓவியரிடம் வாட்டர்கலர் கற்றார். 1938-இல் மெல்போர்னில் முதல் தனிக் கண்காட்சி. கருவிதான் வெளியிலிருந்து வந்தது. வரைந்தது அவர் முன்னோரின் நிலம். ஒவ்வொரு மலைக்கும் அவர்களிடம் கதை உண்டு. அத்தனை புகழுக்குப் பிறகும் பக்கத்து நகரமான ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வீடு கட்டிக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவரைப் 'பாணி பழகியவர்' என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது.

அதே நண்பர்: சரி, ஆனால் அவர் காகிதம், நாம் கேன்வாஸ். என்ன பயன்?

தண்டைப் பாருங்கள். வெயில் படும் பக்கம் இளஞ்சூடான வெள்ளை, மறுபக்கம் ஊதா கலந்த நீலம், மண்ணுக்கு அருகே செம்மண்ணின் எதிரொளி. கேன்வாஸிலும் அதே கணக்குதான். டைட்டானியம் வெள்ளையை நேராகப் பூசினால் சுண்ணாம்புத் தூண்தான் வரும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வெளியே அவர் பெயரோடு சேர்த்தே பேசப்பட்ட வெள்ளைத் தண்டு இரட்டை மரங்கள் 2013 ஜனவரியில் எரிந்துபோயின. இனி அவற்றைப் படத்தில்தான் பார்க்க முடியும்.

ஊட்டி தைலமரத்தைப் பார்த்துப் பழகலாமா?

பட்டைக்குப் பழகுங்கள். அது ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா, விக்டோரியா பக்கத்து நீல கம் (புளூ கம்) என்ற தைலமர வகை. 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து நட்டது. பட்டை நாடா நாடாவாக உரிவதை அங்கேயே உட்கார்ந்து வரையலாம். உருவத்துக்கு வேண்டாம், நெருக்கி நட்டதால் நெட்டையாக வளர்ந்திருக்கும். தீயும் வறட்சியும் முறுக்கிய கிளையைத் தோட்டத்தில் பார்க்க முடியாது.

எமரால்டு கிரீன்?

வேண்டாம்.

ஆயில் காய்ந்ததும் மேலே அக்ரிலிக் பூசலாமா?

கூடாது, உரிந்துவிடும். அக்ரிலிக் மேல் ஆயில் போடலாம். இன்னொன்று, யாரும் கேட்கவில்லை: லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள்.