ஐந்து பேருக்கு ஒரு லார்கோ

கேள்வி: எங்கள் சர்ச் பிராஸ் குழுவில் இரண்டு டிரம்பெட், ஒரு பிரெஞ்சு ஹார்ன், டிராம்போன், டியூபா. துவோராக்கின் ‘நியூ வேர்ல்ட்’ சிம்பொனியின் மெதுவான இரண்டாம் பகுதியான லார்கோவை நானே இவர்களுக்காக எழுதினேன். வயலின் பார்ட்டை டிரம்பெட்டுகளுக்குக் கொடுத்தேன். பாதியிலேயே உதடு தளர்ந்துவிடுகிறது. கேட்கவும் ஒரே இரைச்சல். எங்கே திருத்துவது?

பதில்: வயலின்காரர் நிறுத்தாமல் வில் போடலாம். டிரம்பெட்காரரின் உதடு அப்படி உழைக்காது. அதனால் யாருக்கு எதைக் கொடுப்பது என்பதற்கு முன், யார் எங்கே சும்மா இருப்பது என்று முடிவு செய்யுங்கள். மெட்டை வாசித்து முடித்தவருக்கு நாலைந்து பார் (தாளச் சுற்று) அளவாவது ஓய்வு விழட்டும். அந்த இடத்தில் மூன்று பேர் வாசித்தாலே போதும்.

அடுத்தது கீ (ஆதார சுரமும் ஸ்கேலும்). மூலம் டி ஃபிளாட் மேஜர். பிராஸுக்கு அது இதமான கீதான். வம்பு நடுப்பகுதியில். அது சி ஷார்ப் மைனர். பி ஃபிளாட் டிரம்பெட்டுக்கு ஒலிப்பதைவிட ஒரு முழுச் சுரம் உயர்த்தி எழுத வேண்டும் என்பதால் ஆறு ஷார்ப் வரும். மொத்தத்தையும் அரைச் சுரம் இறக்கி சி-யில் எழுதினால் டிரம்பெட்டுக்கு டி மேஜரும் டி மைனரும், ஐந்தாமிடம் (சா-பா தூரம்) உயர்த்தி எழுதும் ஹார்னுக்கு ஜி மேஜரும் ஜி மைனரும். நிறம் கொஞ்சம் வெளுக்கும். இருந்தாலும் உங்கள் குழுவுக்கு நான் சி-யையே சொல்வேன்.

மெட்டு மூலத்தில் கோர் ஆங்லேக்கு (ஓபோ குடும்பத்துக் குழல் கருவி). ஹார்னுக்குக் கொடுக்கத்தான் கை போகும். ஆனால் அந்த உயரத்தில் மெல்லிய குரலில் நெடுநேரம் வாசிக்க ஹார்ன்காரர் திணறுவார். முதல் டிரம்பெட்காரரிடம் ஃபிளூகல்ஹார்ன் (டிரம்பெட் போன்ற, குரல் மென்மையான கருவி) இருந்தால் அதில் வாசிக்கச் சொல்லுங்கள். விரல் வைப்பு ஒன்றுதான், குரல் உருண்டையாக வரும். இல்லாவிட்டால் டிரம்பெட்டின் வாயில் கப் மியூட் (ஒலியை மென்மையாக்கும் அடைப்பு).

இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் கீழ் ஸ்தாயியில் நெருங்கி நிற்கும் சுரங்கள். நடு சி-க்கு ஓர் ஆக்டேவ் கீழே போய்விட்டால் டியூபாவுக்கும் டிராம்போனுக்கும் இடையில் மூன்றாம் இடைவெளி (சா-கா போல) வேண்டாம். ஐந்தாமிடமோ ஆக்டேவோ வையுங்கள். கார்டின் (சேர்ந்தொலிக்கும் சுரங்களின்) மூன்றாம் சுரத்தை மேலே ஹார்ன் பிடித்துக்கொள்ளட்டும். ஆள் போதாவிட்டால் ஐந்தாம் சுரத்தை விடலாம். மூன்றாமதை விட்டால் மேஜரா மைனரா என்றே தெரியாது. (மூல சிம்பொனியில் டியூபாவுக்கு இந்தப் பகுதியில் மட்டுமே, அதுவும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே சுரங்கள். உங்கள் டியூபாக்காரர் அதற்கும் சேர்த்து வாசிக்கலாம்!)

நடுப்பகுதியில் தந்திக் கருவிகளின் டிரெமோலோவை (வில்லை வேகமாக அதிர விடுவதை) பிராஸில் நகலெடுக்காதீர்கள். நீண்ட சுரமாகவே பிடித்து, ஒலியை மட்டும் ஏற்றி இறக்குங்கள். டபுள் பாஸின் பிட்சிகாட்டோவுக்கு (விரலால் மீட்டுவதற்கு) டியூபாவின் குட்டையான, விட்டுவிட்டு ஒலிக்கும் ஸ்டக்காட்டோ அழகாகப் பொருந்தும்.

பலமாக வாசிக்கும்போது ஒரு டிரம்பெட்டுக்கு ஈடுகொடுக்க இரண்டு ஹார்ன் வேண்டும் என்பது ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவின் கணக்கு. உங்களிடம் ஒன்றுதான். ஹார்னில் மெட்டு இருக்கும் இடங்களில் மற்றவர்களுக்கு ஒரு படி குறைத்து எழுதுங்கள். சிம்பொனியின் முதல் மூவ்மென்ட்டின் மெட்டும் லார்கோ மெட்டும் சேர்ந்து வெடிக்கும் உச்சத்துக்குத்தான் ஐந்து பேரின் முழுப் பலமும். அதற்கு முந்தைய எட்டு பாரில் முதல் டிரம்பெட்டுக்கு ஒரு சுரம்கூட எழுதாதீர்கள்.

துவோராக் 1904-இல் இறந்தவர்; மூல ஸ்கோரைத் தாராளமாக எடுத்தாளலாம். கடையில் விற்கும் இன்றைய பிராஸ் வடிவங்களுக்கு உரிமையாளர் உண்டு, அவற்றைப் பார்த்து எழுதாதீர்கள்.