முகம் இருட்டு, சன்னல் வெளிச்சம்: எந்த மென்பொருள் வாங்குவது?

கேள்வி: குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று வீட்டிலேயே கேமராவில் 200 படங்கள் எடுத்தோம். சன்னலுக்கு முன்னால் உட்கார்ந்ததால் எல்லார் முகமும் இருட்டாக விழுந்திருக்கிறது. பிரைட்னெஸ் கூட்டினால் படம் சாம்பல் பூத்தாற்போல் ஆகிறது. சன்னல் பக்கம் வெறும் வெள்ளை. கம்ப்யூட்டர் கடைக்காரர் 500 ரூபாய்க்குப் போட்டோஷாப் ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த விலைக்குக் கிடைப்பது உரிமம் உடைத்த திருட்டுப் பிரதி. அதோடு வைரஸும் சேர்ந்து வந்தால், குழந்தையின் படங்கள் இருக்கும் அதே கணினிதான் மாட்டிக்கொள்ளும். உங்கள் வேலைக்குக் கிம்ப் (GIMP) என்ற படத் திருத்த மென்பொருள் போதும். முழுக்க இலவசம். அதன் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள்.

கோளாறு மென்பொருளில் இல்லை, நீங்கள் இழுத்த பிரைட்னெஸ் கட்டையில் (ஸ்லைடரில்) இருக்கிறது. கேமராக்கள் வழக்கமாகத் தரும் ஜேபெக் (JPEG) படத்தில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் 0 முதல் 255 வரை ஓர் எண். உங்கள் படத்தில் தலைமுடி 0, முகம் 40, சன்னல் 230 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண பிரைட்னெஸ் கட்டை எல்லாவற்றோடும் ஒரே அளவைக் கூட்டும் (போட்டோஷாப்பிலும் 'யூஸ் லெகசி' என்ற பழைய முறையை டிக் செய்தால் இதே கதிதான்). 50 கூட்டினால் முகம் 90 ஆகும், சரி. ஆனால் கருமுடி 50 ஆகிச் சாம்பலாகும். சன்னல் 280 ஆக வேண்டும்; 255-க்கு மேல் இடமில்லாததால் அங்கிருந்த திரைச்சீலை, மரக்கிளை எல்லாம் ஒரே வெள்ளையில் கரைந்துவிடும். அப்படியே சேமித்துவிட்டால் அவற்றை மீட்க வழியில்லை.

இதற்குப் பதில் 'கலர்ஸ்' மெனுவில் 'லெவல்ஸ்' திறங்கள். மலைபோல் ஒரு வரைபடம் தெரியும். இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம். அதன் அடியில் மூன்று முக்கோணங்கள் இருக்கும். ஓரத்து இரண்டையும் தொடாதீர்கள். நடு முக்கோணத்தை மட்டும் இடப்பக்கம் நகர்த்தி, 1.00 என்ற எண்ணை 1.50 ஆக்குங்கள். இப்போது முகம் 40-லிருந்து 74-க்கு ஏறும். சன்னல் 230-லிருந்து 238-க்குத்தான் போகும். முடி 0-விலேயே நிற்கும். படம் வெளுக்காமல் முகம் மட்டும் துலங்குவது இதனால்தான்.

அப்படியும் முகம் போதவில்லையென்றால் மொத்தப் படத்தையும் மேலும் ஏற்றாதீர்கள். லேயரை (படம் இருக்கும் அடுக்கை) ஒரு நகல் எடுத்து, மேல் லேயரில் லெவல்ஸை 2.00 வரை கொண்டுபோங்கள். அந்த லேயருக்குக் கருப்பு லேயர் மாஸ்க் (லேயரை மறைக்கும் திரை) போட்டால் செய்த மாற்றம் மறைந்துவிடும். பிறகு ஓரம் மென்மையான பிரஷ்ஷில் வெள்ளை நிறம் எடுத்து, ஒப்பாசிட்டியை (பிரஷ்ஷின் அழுத்தத்தை) 40 அளவில் வைத்து முகத்தின் மேல் மட்டும் தடவுங்கள். தடவிய இடத்தில் மட்டும் வெளிச்சம் வரும். மிஞ்சிப்போனால் கருப்பால் தடவினால் சரியாகிவிடும். முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால் பிரஷ்ஷின் ஓரம் கூர்மையாக இருக்கிறது என்று அர்த்தம்.

அதிகம் ஏற்றினால் கன்னத்தில் சிவப்பும் பச்சையுமாய்ப் பொரிப்பொரியாகப் புள்ளிகள் கிளம்பும். இருட்டில் பதிந்த விவரமே குறைவு; இருக்கிற கொஞ்சத்தை இழுத்துப் பெரிதாக்கும்போது கேமராவின் இரைச்சலும் (நாய்ஸ் எனப்படும் தேவையற்ற புள்ளிகளும்) சேர்ந்து பெரிதாகிறது. அதனால் ரா (RAW) கோப்பு, அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்பு, இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான்; 14 பிட் ராவில் 16,384. ரா இருந்தால் அதைத் திருத்தும் டார்க்டேபிள் (darktable) என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம். ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்களில் ஒன்றைத் திருத்திவிட்டு, அந்தத் திருத்தத்தை கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-வி கொடுத்து மற்றவற்றில் ஒட்டிவிடலாம். 200 படத்துக்கு இது பெரிய உதவி.

ஒன்றை மறக்க வேண்டாம்: மூலப் படத்தின் மேலேயே சேமிக்காதீர்கள். கிம்பில் 'எக்ஸ்போர்ட் ஆஸ்' கொடுத்து வேறு பெயரில், தரம் 90-க்குக் குறையாமல் ஜேபெக் எடுங்கள். ஜேபெக்கைத் திறந்து திருத்தித் திரும்பச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும்.

கேள்வி: கணினியில் பளிச்சென்று இருந்த படம் பிரிண்ட் போட்டால் மங்கலாக வருகிறது. லேப் ஏமாற்றுகிறதா?

பதில்: பெரும்பாலும் உங்கள் திரைதான் ஏமாற்றுகிறது. திரை தானே ஒளிவிடும். காகிதத்துக்கு மேலே விழும் வெளிச்சம்தான் ஆதாரம். மானிட்டர் முழு வெளிச்சத்தில் எரியும்போது இருட்டுப் படமும் நல்ல படமாகத் தோன்றும்.

திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டையும், வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ பிரைட்னெஸையும் அணையுங்கள். ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திரையில் திறந்து, பக்கத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்து, இரண்டும் ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை மானிட்டரைக் குறையுங்கள். அதன்பிறகே படத்தைத் திருத்துங்கள். ஆல்பத்துக்குக் கொடுக்கும் முன் ஒரே படத்தை அப்படியே ஒன்று, லெவல்ஸ் 1.15-ல் ஒன்று, 1.30-ல் ஒன்று என்று 4x6 அளவில் மூன்று பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். லேப் தானாகக் கரெக்‌ஷன் செய்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். செய்தால் உங்கள் திருத்தத்தின் மேல் அவர்கள் திருத்தமும் விழும்.

கேள்வி: தொழிலுக்காகப் போட்டோஷாப்பை முறைப்படியே வாங்க இருக்கிறேன். மாதத் தவணைதானே, வேண்டாமென்றால் நிறுத்திவிடலாமா?

பதில்: எந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று பாருங்கள். 'ஆண்டுத் திட்டம், மாதக் கட்டணம்' என்பது ஓராண்டு ஒப்பந்தம். முதல் 14 நாளுக்குள் ரத்து செய்தால் பணம் திரும்ப வரும். அதன்பின் விலகினால் மீதி மாதங்களின் கட்டணத்தில் பாதியைக் கேட்பார்கள். மாதம் 1,000 ரூபாய் என்று வைத்து 4 மாதத்தில் நிறுத்தினால் 4,000 ரூபாய். இந்த ரத்துக் கட்டணத்தைச் சரியாகச் சொல்லாமல் மறைத்ததாகத்தான் 2024 ஜூனில் அமெரிக்க அரசு போட்டோஷாப் தயாரிப்பாளரான அடோபி மேல் வழக்குப் போட்டது. ஓரிரு மாத வேலைக்கென்றால், விலை கூடுதலாக இருந்தாலும் தனி மாதத் திட்டத்தையே எடுங்கள்.