பழைய கேமிங் கம்ப்யூட்டரைத் தேற்றலாமா, புதிதாக அசெம்பிள் செய்யலாமா?

கே: ஐ5-7400 ப்ராசஸர் (ஏழாம் தலைமுறை), ஒரே குச்சியாக 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு வைத்திருக்கிறேன். புது கேம்கள் திக்கித் திக்கி ஓடுகின்றன. எட்டாம் தலைமுறை ஐ7 ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது. ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் ஒன்றுதானே, மாட்டிவிடலாமா அண்ணா? (கல்லூரி மாணவர், மதுரை)

ப: வேண்டாம் தம்பி. இரண்டுக்கும் எல்ஜிஏ 1151 என்றுதான் பெயர். ஆனால் எட்டாம் தலைமுறைக்கு மதர்போர்டில் 300 வரிசை சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) வேண்டும். உங்கள் போர்டில் அது உட்காரும், உயிர் வராது.

முதலில் எது திணறுகிறது என்று பாருங்கள். கேமின் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படங்கள் என்ற கணக்கு) நன்றாக ஏறினால் கார்டுதான் திணறுகிறது. ஏறாமல் அப்படியே நின்றால் ப்ராசஸர். நீங்கள் "திக்கி" என்று எழுதியிருப்பதால் எனக்கு ரேம் மேலும் சந்தேகம். கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள், 8 ஜிபியும் நிரம்பி வழிந்தால் ஆள் அகப்பட்டுவிட்டது. பழைய டிடிஆர்4 8 ஜிபி இன்னொன்று சேர்த்தால் இரண்டு குச்சியும் சேர்ந்து வேகமாக ஓடும் டூயல் சேனலும் கிடைக்கும்.

அதற்கு மேல் இந்த போர்டுக்குச் செலவழிக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் இன்டெல் ப்ராசஸர்கள் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. வாடகை வீட்டுக்கு யாராவது டைல்ஸ் போடுவார்களா? எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்), நல்ல எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கிராபிக்ஸ் கார்டு என்று அடுத்த சிஸ்டத்துக்கும் கூடவே வரக்கூடியதை மட்டும் வாங்குங்கள்.

கே: ரைசன் 5 2600 ப்ராசஸர், பி450 போர்டு. எல்லாரும் ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான ஏஎம்5-க்கு மாறச் சொல்கிறார்கள். (சேலம்)

ப: எல்லாரும் சேர்ந்து பணம் தருகிறார்களா? ஏஎம்5-க்குப் போனால் போர்டு, ப்ராசஸர், டிடிஆர்5 ரேம் மூன்றையும் ஒரே மூச்சில் வாங்க வேண்டும். ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டதில் 2025 இறுதியில் ரேம் விலை எகிறியது நினைவிருக்கும். உங்கள் போர்டிலேயே ரைசன் 5 5600 போடலாம். 5700எக்ஸ்3டி அகப்பட்டால் இன்னும் நல்லது, அதிலுள்ள கூடுதல் கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) கேமுக்கென்றே செய்தது போலிருக்கும். ஒரே நிபந்தனை: பழைய ப்ராசஸரைக் கழற்றும் முன்பே பயாஸை (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்துவிட வேண்டும், அதுவும் யூபிஎஸ்ஸில் இணைத்துக்கொண்டு. பாதியில் கரண்ட் போனால் போர்டே படுத்துவிடலாம்.

கே: கேபினட்டோடு 450 வாட் எஸ்எம்பிஎஸ் இலவசமாகத் தருகிறார் கடைக்காரர். ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு ஓடுமா? (கோவை)

ப: என் முதல் அசெம்பிள்ட் சிஸ்டத்திலும் அப்படி ஒன்று இலவசமாகத்தான் வந்தது. ஒரு மே மாத மதியம் 'டப்'பென்று போனது, போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. வீடு முழுக்கத் தீய்ந்த வாடை. அப்பா அதன் பிறகு ஒரு வருடம் கம்ப்யூட்டர் பேச்சையே எடுக்கவிடவில்லை.

பெட்டியின் மேல் பெரிதாக எழுதிய வாட்டை நம்பாதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் 12 x 18 = 216 வாட், அவ்வளவுதான் அதன் பலம். 3060 மட்டுமே 170 வாட் கேட்கும். ப்ராசஸருக்கு 65 சேர்த்தால் 235. கணக்கு இங்கேயே உதைக்கிறது. 80 பிளஸ் ப்ரான்ஸ் (வெண்கலத் தரம், மின்சாரத்தை வீணாக்காததற்கான சான்று) பெற்ற, பெயர் தெரிந்த நிறுவனத்தின் 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக வாங்குங்கள். பட்ஜெட் இடித்தால் கேபினட்டில் குறையுங்கள். கேபினட்டின் வண்ண ஆர்ஜிபி விளக்கு எஃப்பிஎஸ் தராது.

கே: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் வித்தியாசமே தெரியவில்லை. (நாகர்கோவில்)

ப: கேபிள் மதர்போர்டில் சொருகியிருந்தால் கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்றுங்கள். அப்புறம் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60-ஐ 144 ஆக்குங்கள்.

கே: மகன் கேமிங் கம்ப்யூட்டர் கேட்கிறான். அலுவலகங்களில் ஓடிய ரீஃபர்பிஷ்டு (பழுதுபார்த்து மறுவிற்பனைக்கு வரும்) சிஸ்டம் மலிவாக வருகிறதே, அதில் கார்டு போட்டால் போதாதா? (ஒரு தாய், தஞ்சாவூர்)

ப: போதும் அம்மா, டவர் கேபினட்டாக இருந்தால். ஒல்லியான சிறிய பெட்டி என்றால் அரை உயரக் கார்டுதான் நுழையும். அதன் எஸ்எம்பிஎஸ்ஸும் பெரும்பாலும் தனி அளவில் இருக்கும், வெளியில் வாங்கி மாற்ற முடியாது. ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை 70 வாட்தான், பெரும்பாலும் தனி பவர் கேபிள் கேட்காது, அரை உயரத்திலும் வருகிறது. 8 ஜிபி வகை வேறு, பில் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ராசஸர் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம்.

கே: நானே அசெம்பிள் செய்யலாமா, ரிச்சி தெருக் கடைகளில் கொடுத்துவிடலாமா? (சென்னை)

ப: ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் நீங்களே செய்யலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கடையில் கொடுத்தால் ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள், வாரண்டி தனித்தனியாகத்தான் வரும். யார் செய்தாலும், நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் குச்சிகளை ப்ராசஸர் பக்கமிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) ஆன் செய்யச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டால் வேகமான ரேமுக்குக் காசு கொடுத்தும் அது மெதுவாகவே ஓடிக்கொண்டிருக்கும்.