வண்ணக் கண்ணாடியா, ஏழைகள் நிதியா?

சகோதரரே, ஸ்தோத்திரம். ஆலயப் புதுப்பிப்பில் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் வைப்பதா, அந்தப் பணத்தை ஏழைகள் நிதியில் சேர்ப்பதா என்று கமிட்டி இரண்டாகப் பிரிந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு தரப்பு 96ஆம் சங்கீதத்தின் ‘பரிசுத்த அலங்காரத்துடனே கர்த்தரைத் தொழுதுகொள்ளுங்கள்’ என்ற வசனத்தைக் கையில் எடுத்திருக்கிறதாம். அந்த வசனம் சன்னலைக் கேட்கவுமில்லை, தடுக்கவுமில்லை.

சண்டை பழையது. 12ஆம் நூற்றாண்டு பிரான்சில் கிளேர்வோ மடத்தின் பெர்னார்து, கோயில் சுவர்கள் மின்னுகின்றன, ஏழைகள் வாடுகிறார்கள் என்று சீறினார். பாரிசுக்கு அருகே சென் தெனி மடத்தின் தலைவர் சூஜெரோ, பொருளின் அழகு மனத்தைக் கடவுளிடம் உயர்த்தும் என்று நம்பினார். வண்ணக் கண்ணாடி ஒளிர அவர் அங்கே கட்டிய புதிய பீடப் பகுதி 1144இல் அர்ச்சிக்கப்பட்டது. ஆனால் பெர்னார்து முக்கியமாகச் சாடியது துறவிகளின் ஆலயங்களை. பொதுமக்கள் வரும் பேராலயங்களின் நிலை வேறு என்று அவரே ஒப்புக்கொண்டார். மேற்கோள் காட்டுபவர்கள் இதை வசதியாக விட்டுவிடுவார்கள்!

என் கருத்து: முதலில் ஏழைகள் நிதியின் சென்ற ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். செலவே இல்லையென்றால் ஏழைகள் அங்கே வெறும் வாதம்தான். இயேசுவின் பாதத்தில் பூசிய 300 பணம் பெறும் தைலத்தை விற்று ஏழைகளுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டவன், அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ். (இதைக் கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள், அடிதடி ஆகிவிடும்.) நிதி உண்மையாகவே நடக்கிறதென்றால், பீடத்துக்குப் பின்னால் ஒரே ஒரு சன்னல் போதும். கண்ணாடியில் நன்கொடையாளர் பெயர் பொறிக்கும் யோசனை இருந்தால் அதை முதல் கூட்டத்திலேயே தள்ளிவிடுங்கள். பாதிப் பேருக்குச் சன்னல் ஆசையே போய்விடும்.